சான்றும் சான்றோரும்

சான்றோன் என்றால் கல்வியும் பண்பும் நிறைந்தவன் என்று இன்று பொருள் கொள்கிறோம். சங்க நூல்களில் அச்சொல் போர்வீரனையும் குறித்தது என்று வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர் முகத்தில் வியப்புத் தோன்றும். சான்று என்பதோ இன்று முத்திரையிட்ட தாள். இரண்டும் 'சால்' என்னும் ஒரே வேரில் கிளைத்தவை எனப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். நடத்திய பாடம் நம்மிடமே திரும்பி வந்து கேள்வி கேட்ட ஒரு நிகழ்ச்சியை இம்மலரில் எழுத விரும்புகிறோம்.

நம் கல்லூரியில் விடுதலை நாள் விழாவின்போது 'நாட்டுக் காவலில் நம்மவர்' என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு பணிக்கப்பட்டோம். கடலூர் மாவட்டத்து மாணவர்க்குக் கடலூரிலிருந்தே தொடங்குவது முறை என்று கருதி, தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து தொடங்கினோம். 1748ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்னும் தளபதி அக்கோட்டையில் வந்திறங்கிய பிறகே கும்பினியின் தென்னாட்டுப் படை ஓர் ஒழுங்குக்கு வந்தது. அவர் தலைமையில் திருச்சிராப்பள்ளிப் போர்களில் புகழ்பெற்றவர் கான் சாகிபு என்னும் யூசுப்கான். அவருடைய வீரத்தை மெச்சிப் பொற்பதக்கம் அளித்த கும்பினியாரும் நவாபும் சேர்ந்தே 1764இல் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டனர். பதக்கத்துக்கும் கயிற்றுக்கும் இடையே பத்தாண்டுகூட முழுதாக இருந்ததா என்பது ஐயம்.

அங்கிருந்து பிரிகேடியர் முகம்மது உஸ்மானுக்கு வந்தோம். 1947இல் நாடு பிரிந்தபோது பலூச் படைப்பிரிவில் இருந்த அவர் இந்தியாவிலேயே தங்கத் தீர்மானித்தார். காஷ்மீரப் போரில் ஜங்கர் கைவிட்டுப் போனதும், அதனை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று கூறித் தரையில் பாய் விரித்துப் படுத்தார். 1948 மார்ச்சில் மீட்டார். அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள், முப்பத்தாறு வயது நிறையப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பீரங்கிக் குண்டுக்கு இரையானார். மகாவீர் சக்கரம் பெற்ற அவர் டெல்லி ஜாமியா மில்லியாவை அடுத்து அடக்கம் செய்யப்பட்டார். 2020இல் அக்கல்லறை சிதைந்து கிடக்கிறது என்னும் செய்தி வந்தபோது படைத்துறையினரே அதனைச் செப்பனிட்டனர்.

பின்னர்த் தையற்காரரின் மகனான அப்துல் ஹமீது. 1965 செப்டம்பர் 10ஆம் நாள் கேம்கரன் பகுதியில், ஜீப்பில் பொருத்திய துப்பாக்கி ஒன்றைக் கொண்டு எதிரியின் பீரங்கி வண்டிகள் பலவற்றைச் சிதைத்து வீழ்ந்தவர். பரம்வீர் சக்கரம் பெற்றவர். அதே செப்டம்பர் 10ஆம் நாளில், 22 ஆண்டுகளுக்கு முன்பு, சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டவர் வக்கம் அப்துல் காதர். பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கிய இளைஞர். ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய மூவரும் அவருடன் அன்று தூக்கிலேறினர். இருவர் நாளும் ஒன்றாக இருப்பதை மாணவர் பலர் ஏட்டில் குறித்துக்கொண்டனர்.

கைதட்டல் பெருகியது. கைதட்டல் ஒரு பேச்சாளனை என்ன செய்யும் என்பதை மேடையேறியோர் அறிவர். எழுதி வைத்திராத ஒன்றைக் கூறினோம். "நம் குடும்பத்திலும் ஒருவர் நேதாஜியின் படையில் இருந்தார், இரங்கூன் சிறையில் ஆறு மாதம் வாடினார்" என்றோம். அரங்கு இன்னும் பலமாகத் தட்டியது.

விழா முடிந்து படியிறங்கும்போது, இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு பயிலும் மாணவர் ஒருவர் அருகே வந்தார். வகுப்பில் அதிகம் பேசாதவர். "ஐயா, தவறாக நினைக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பெயர்களைச் சொல்கிறோம். யாரிடம் சொல்கிறோம்? அப்துல் ஹமீது நம்மை நிரூபிக்கவா அங்கே போய் நின்றார்?" என்று கேட்டார். "வரலாறு அறியப்பட வேண்டுமல்லவா?" என்று ஏதோ விடை கூறினோம். அவர் தலையசைத்துச் சென்றார். விடை அவருக்கும் போதவில்லை; நமக்கும் போதவில்லை.

இக்கேள்வி நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் குடிமக்களாகிய ஜப்பானிய வழியினரை முள்வேலிக்குள் அடைத்தது. அவ்வேலிக்குள் பெற்றோரை விட்டுவிட்டு, அவர்களின் பிள்ளைகள் 442ஆம் படைப்பிரிவில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டு மாண்டனர். அவர்களுள் இருபதுக்கு மேற்படாதோர்க்குரிய மிக உயர்ந்த விருது 2000ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. பெற்றவர்களிற் பலர் அப்போது உயிருடன் இல்லை. தன் வீட்டில் பிறந்த பிள்ளையிடமே அடையாளச் சீட்டுக் கேட்பது பல நாடுகளுக்கு வழக்கம்போலும்.

அன்று மாலைப் பேருந்தில் சிதம்பரம் சாலையில் வந்துகொண்டிருந்தோம். கடலூர் முதுநகர் கடந்ததும் தொழிற்பேட்டையின் நெடி மூக்கில் ஏறும். அந்நெடி வந்தால் குடிகாடு வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே கூறலாம். நம் தாயார் பிறந்த ஊர் அது. ஆலைகள் வருமுன் உப்பனாற்று மீனும் மல்லாட்டையும் மணந்த ஊர் என்பார் தாயார். தாயாரின் சிறிய தந்தையார் அங்கே சாலையோரம் ஒரு சில்லறைக்கடை வைத்திருந்தார். அவரைச் 'சின்ன நன்னா' என்று அழைப்போம். மேடையில் நாம் கைதட்டல் வாங்கியது அவர் பெயரால்தான்.

1938இல், பதினாறு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர் அவர். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவருடைய கடையில் எடுபிடி வேலை. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் பினாங்கில் விழுந்தன, கடை போயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அரிசி அருகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. தோட்டத் தமிழரை ஜப்பானியர் சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் சென்றுகொண்டிருந்தனர். போனவர் திரும்பவில்லை.

"நாட்டுப்பற்றினால் சேர்ந்தீர்களா நன்னா?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அவர் சிரித்தார். "முதலில் சோற்றுக்குச் சேர்ந்தேன் தம்பி. சயாமுக்குப் பிடித்துப் போய்விடுவான் என்ற பயத்துக்கும் சேர்ந்தேன். பற்று அப்புறம் வந்தது" என்றார். பிறர் எவரும் இவ்வளவு நேராகக் கூறி நாம் கேட்டதில்லை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அதன்பின் மலேயாவெங்கும் ஆள் சேர்ந்தது. அதுவரை இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தோர் பெரும்பாலும் ஆங்கிலேயர் படையிலிருந்து வந்த பஞ்சாபியரும் பிற வடவரும் ஆவர். இப்போது வந்தவரிலோ மிகுதியானோர் தமிழர். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரும் கடையில் எடை போட்டவரும். துப்பாக்கியைத் தொட்டறியாதவர். இதிலும் ஒரு வரலாறு உண்டு. 1880களில் சென்னைப் படைத்தலைவராகவும் பின்னர் இந்தியப் படைத்தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். 'வீர இனம்' என்றொரு பட்டியல் உருவாகி, அதில் இடம்பெறாத சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாய்க் குறைக்கப்பட்டு, 1920களின் இறுதியில் காலாட்படை இல்லாமலே போயிற்று. இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் வெள்ளையர்க்குச் சென்னை இளைஞரின் வீரம் மீண்டும் கண்ணிற் பட்டது. புறநானூற்றை வகுப்பில் நடத்தும் நமக்கு இச்செய்தியைப் படித்தபோது சினத்தைவிடச் சிரிப்பே மிகுதியாக வந்தது.

பயிற்சியைப் பற்றிச் சின்ன நன்னா பேசத் தொடங்கினால் கடைக்கு வந்தவர் சாமான் வாங்க மறந்து நிற்பர். முதலில் மரத்துப்பாக்கி. கட்டளைகள் இந்துஸ்தானியில். வலம் எது, இடம் எது என்பது ஒரு வாரம் வரை விளங்கவில்லையாம். நேதாஜியின் உரையைத் தமிழில் பெயர்த்துக் கூற ஆள் இருந்தனர். அணிவகுப்பில் யார் பெயர்த்துச் சொல்வது? பஞ்சாபி முஸ்லிம் அதிகாரி ஒருவர், இவர் பெயரைக் கேட்டதும் மகிழ்ந்து உருதுவில் உரையாடத் தொடங்கிவிட்டார். இவர் விழித்தார். "உருது அறியாத முசல்மானா?" என்று அவர் ஐயுற்றார். இவர் அல்ஹம்து சூராவை ஓதிக் காட்டினாராம். அவர் வாய்விட்டுச் சிரித்துத் தோளில் தட்டி, அன்றுமுதல் 'மதராஸி மௌல்வி' என்று பெயரிட்டுவிட்டார். தமிழரிடையே இவர் துலுக்கர். முஸ்லிம்களிடையே இவர் மதராஸி. "எல்லா இடத்திலும் நான்தான் தம்பி சில்லறை" என்பார், கல்லாவைத் தட்டியபடி.

ஆயினும் ஓரிடத்தில் அவர் முந்திக்கொண்டார். அப்படையின் முழக்கம் இத்திஹாத், இத்திமாத், குர்பானி என்பது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும். தோட்டத்துத் தோழர் முதலிரண்டையும் மனப்பாடம் செய்தனர். மூன்றாவதன் பொருளை இவரிடம் வந்து கேட்டனர். ஹஜ்ஜுப் பெருநாளன்று வீட்டில் ஆடு அறுப்பதைக் கூறி விளக்கினாராம். "அப்போ ஆடு நாமதானா?" என்றாராம் ஒருவர். அவர் சிதம்பரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். இவ்வினாவிலிருந்து அவர்களுடைய நட்புத் தொடங்கியது.

சமையற்கூடம் ஒன்றே. வெள்ளையர் படையில் மதத்துக்கொரு சமையல், இரயில் நிலையத்தில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று பழகியவர்கட்கு ஒரே பந்தி என்பது ஒரு துப்பாக்கியைவிடப் பெரிய புதுமையாக இருந்திருக்க வேண்டும். பின்னாளில் செங்கோட்டையில் அடைக்கப்பட்ட இப்படையினரைக் காந்தியடிகள் காணச் சென்றபோது, தங்களுக்கு இந்துத் தேநீர், முஸ்லிம் தேநீர் என்று தனித்தனியே கொடுக்கிறார்கள் என்றும், தாங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்தே குடிப்பதாகவும் அவர்கள் கூறினர் என்பது வரலாறு. 'ஜெய் ஹிந்த்' என்னும் வணக்கமொழியை உருவாக்கித் தந்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் என்பதும் அப்படைக்குள் நடந்ததுதான்.

1945 பிப்ரவரியில் தில்லானின் தலைமையில் நேரு படைப்பிரிவு இராவதி ஆற்றங்கரையைக் காத்து நின்றது. எதிரே பீரங்கி வண்டியும் விமானமும். இவர்களிடம் கைத்துப்பாக்கிகளும் சில இயந்திரத் துப்பாக்கிகளும். சின்ன நன்னா அவ்விடத்தைப் பற்றி மட்டும் விரித்துரைத்ததில்லை. "ஆறு பெரிது" என்பார். "நம்ம கெடிலத்தைப் போல அல்ல" என்பார். இடக்காலில் சிதறல் பட்டு, காய்ச்சலும் கண்டு, இரங்கூன் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரல் 24இல் நேதாஜி இரங்கூனை விட்டு நீங்கினார். நகரத்து இந்தியரைக் காக்கும் பொறுப்பு, தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனிடமும் அவருடன் தங்கிய சில ஆயிரம் வீரரிடமும் விடப்பட்டது. மே முதல் வாரத்தில் ஆங்கிலேயர் நகருக்குள் வந்தனர். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து சின்ன நன்னா நேரே சிறைக்குச் சென்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ரமலான் மாதம் பிறந்தது. அம்மாதத்திலேயே ஜப்பான் சரணடைந்த செய்தியும், நேதாஜியின் விமானம் வீழ்ந்த செய்தியும் சிறைக்குள் வந்தன. இவர் நோன்பு வைத்தார். சகர் நேரத்துக்குச் சிறையில் உணவு ஏது? சிதம்பரத்து நண்பர் தம் மாலை உணவில் பாதியை எடுத்துவைத்து, விடியுமுன் எழுப்பிக் கொடுப்பாராம். ஒருநாள் கூடத் தவறவில்லை என்பார். அக்டோபர் முதல் வாரத்தில் இருவரையும் விடுவித்தனர். வெள்ளையர் இப்படையினரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றாகப் பிரித்துக் கறுப்பரை விசாரணைக்கு அனுப்பினர். மலேயாவில் சேர்ந்த கடைப்பையனும் தோட்டக்கூலியும் எந்த நிறத்துக்கும் தகுதியற்றவர். வீட்டுக்குப் போ என்று விட்டுவிட்டனர். கையில் ஒரு தாளும் தரவில்லை.

செங்கோட்டை வழக்கில் ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் 1946 ஜனவரியில் விடுதலையானபோது நாடே கொண்டாடியது. விடுதலைக்குப் பின்னரும் அப்படையினரை இந்தியப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. சின்ன நன்னா கால் தாங்கித் தாங்கி நடந்து கடையைத் திறந்தார்.

1972இல் நடுவணரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியம் அறிவித்தது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். சிறைச்சான்றோ, உடனிருந்த கைதிகளின் சான்றோ வேண்டும். பல ஆண்டுகள் அவர் விண்ணப்பிக்கவே இல்லை. முதுமையில் கடை நொடித்தபின் விண்ணப்பிக்கத் தொடங்கினார். மனு எழுதும் பணி நமக்கு வந்தது. அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தோம். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதே நம் தகுதி. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. 'பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது என்னவென்றால்' என்று தொடங்கும் நெடிய வாக்கியங்கள். முனைவர் பட்டம் வாய்க்காத நமக்கு ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றுத்தந்த உரைநடைக்கு அம்மனுக்களே முதற்பள்ளி.

சிதம்பரத்து நண்பர் சான்றுக் கையெழுத்திட வந்திருந்தார். அவருக்கும் அதே ஐந்து மாதம். அவர் மனுவும் அதே இடத்தில் நின்றது. இருவரும் ஒருவர்க்கொருவர் சான்று எழுதிக்கொண்டு, இருவரும் தகுதியற்றவராய்த் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். "அப்பவே தெரிஞ்சிருந்தா வெள்ளைக்காரனிடம் இன்னும் ஒரு மாசம் கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றார் நண்பர். பணம் தந்தால் வேண்டிய கையெழுத்தும் வேண்டிய மாதமும் வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். இன்னார் என்பது வேண்டா. அக்காலத்தில் அத்தகையோர் பலர் இருந்தனர்.

அவர் போனபின், நாம் பேனாவைப் பிடித்தபடி, "நன்னா, ஐந்தை ஆறு என்று எழுதிவிடட்டுமா? யாருக்குத் தெரியும்?" என்றோம். சிறுவனின் கெட்டிக்காரத்தனம். சின்ன நன்னா சினக்கவில்லை. நண்பரைக் காட்டினார். "அவருக்குத் தெரியும். தன் சோற்றைப் பாதி எடுத்துவைத்து நாளை எண்ணிக்கொண்டு இருந்தவர். அக்டோபரில் வெளியே வந்துவிட்டோம் தம்பி. அந்த ஒரு மாசம் நான் இருக்கவில்லை. ஐந்து என்றே எழுது" என்றார். எழுதினோம். விடை வந்தது, 'விதிகளின்படி தகுதி இல்லை' என்று ஒற்றை வரி.

நாம் பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டில் அவர் மறைந்தார். நண்பர் அதற்கு முன்பே போய்விட்டார். மனுக்களின் படிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் குடிகாட்டு வீட்டின் கூரையைக் கொண்டுபோனபோது அப்பெட்டியும் நனைந்து ஊறிக் கூழாயிற்று. இன்று அவர் இருந்ததற்குத் தாள் எதுவும் இல்லை. வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறும். முதல் நிலை தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. நம் வீட்டில் முதல் நிலைக்கே எவரும் போகவில்லை.

பேருந்து குடிகாட்டைக் கடந்தபோது, மேடையில் நாம் கூறிய 'ஆறு மாதம்' நினைவில் வந்து இடறியது. நாம் வேண்டுமென்று கூறியதன்று. உஸ்மானையும் ஹமீதையும் அடுத்துக் கூறும்போது ஐந்து என்பது நாவுக்குக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். வறுமையில் பணத்துக்கு அவர் விற்க மறுத்த அந்த ஒரு மாதத்தை நாம் கைதட்டலுக்குக் கொடுத்துவிட்டோம். அந்த மாணவர் யாரிடம் சொல்கிறோம் என்று கேட்டார். யாரோ நம்மிடம் கணக்குக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, கேட்பவர் மனம் நிறையும்படி கணக்கைக் கூட்டிக் காட்டியிருக்கிறோம். சோற்றுக்குச் சேர்ந்தேன் என்று கடைவாசலில் கூறத் துணிந்தவர், எவருக்கும் எதனையும் நிரூபிக்கப் போனவர் அல்லர்.

மறுவாரம் அம்மாணவரை அழைத்து இவை அனைத்தையும் கூறினோம். கேட்டுவிட்டு, "அந்த நண்பர் எந்த ஊர் ஐயா?" என்றார். ஊர்ப் பெயர் நமக்குத் தெரியவில்லை. தாயாரைக் கேட்டோம், அவருக்கும் நினைவில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே என்று மட்டும் கூறினார்.

மலர்க்குழுவினர் விழா உரையின் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்துத் தருமாறு கொண்டுவந்தனர். எழுத்துப்பிழை இரண்டு இருந்தன, திருத்தினோம். இறுதிப் பத்தியில் 'இரங்கூன் சிறையில் ஆறு மாதம்' என்றிருந்தது. ஆறை அடித்து, மேலே ஐந்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.